முப்பத்தொன்று

பெட்டியைப் பிரித்ததும் மதார் சிரித்துவிட்டான்.
"அண்ணே, பினாங்கில் தரைக்குச் சூடா?"
காலை பத்து மணி. தஞ்சோங் தொக்கோங்.
பதினேழாவது மாடி வரை ஏறி வந்த வெயில்
பால்கனிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது.
நானும் சிரித்தேன்.
கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவர்கள் நாங்கள்.

திருமதி கூ சியூ பெங் சிரிக்கவில்லை.
ஜெலுத்தோங்கில் முப்பது வருடம் இரும்புக்கடை வைத்திருந்தவர்.
வயர்ச் சுருளை விரலால் உருட்டிப் பார்க்க வந்தவர்
பாதியில் கையை இழுத்துக்கொண்டு
கண்ணாலேயே அளந்தார்.
"டூ பாயிண்ட் ஃபைவ்தானே? ஏமாற்றாதே."
கையில் கம்பளி உறை.
காலில் ஒன்றின்மேல் ஒன்றாக
இரண்டு ஜோடி காலுறை.

டைல் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது.
அதனடியில் சூட்டுக் கம்பி
ஜார்ஜ் டவுன் ஒருவழிச் சாலைபோலப்
போய்த் திரும்பி, போய்த் திரும்பிக் கிடக்கிறது.
கண்ணால் பார்க்க வழியில்லை, மீட்டரிடம் கேட்க வேண்டும்.
எண்பத்தெட்டு ஓம்ஸ்.
பெட்டியில் அச்சிட்டிருந்ததும் அதுவே.
"நல்ல நம்பர்" என்றார் வாசலில் நின்றபடி.

சென்சாரைக் குழாய்க்குள் விட்டேன்,
இரண்டு கம்பிகளுக்கு நட்டநடுவே.
எதையாவது ஒட்டிப் படுத்துவிட்டால்
பக்கத்துச் சூட்டையே
ஊர்ச் சூடென்று நம்பிவிடும்.
(என் மச்சான் ஒருவர் இருக்கிறார், அப்படி.)

கதவுக்கு வெளியே, ஈரம் எட்டாத சுவரில் தெர்மோஸ்டாட்.
லைவ். நியூட்ரல். பச்சை-மஞ்சள் எர்த்.
தனியாக ஒரு ஈ.எல்.சி.பி., முப்பது மில்லி ஆம்ப்.
இந்த இடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை.

மெயினைத் தூக்கினேன். திரை விழித்தது.
தரை: இருபத்தொன்பது.
கம்பெனிக்காரன் வைத்தனுப்பிய இலக்கு: இருபத்தேழு.
ரிலே வாயைத் திறக்கவில்லை.
அதன் கணக்கில் இங்கே அதற்கு வேலையே இல்லை.
மதார் மறுபடி பல்லைக் காட்டினான்.
"பார்த்தீங்களா, மெஷினே சொல்லுது."

"போன புதன்கிழமை ஆறாவது ஊசி,"
என்றார் அவர், மலாயில், சுவரைப் பார்த்து.
"அந்த மருந்து ஏறினால் குளிர்ந்த எதையும் தொட முடியாது.
ஐஸைச் சொல்லவில்லை.
கரண்டி. குழாய். கதவுக் கைப்பிடி.
ராத்திரி எழுந்து இங்கே வந்தால்
இந்தத் தரை முழுக்க ஆணி.
கடையில் எத்தனை கிலோ விற்றிருப்பேன்,
எல்லாம் திரும்பி வந்திருக்கிறது."

மதார் டெஸ்டரைப் பையில் போட்டான்.
எடுத்தான். மறுபடியும் போட்டான்.
நான் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன்.
எனக்கு அது வெறும் டைல்.
சென்சாருக்கும் அப்படித்தான்.

"எவ்வளவு வைக்கட்டும், மேடம்?"
"நீ ஏற்று. நான் சொல்கிறேன்."

முப்பது.
சுவரில் பல்லி சொன்னதுபோல் ஒரு டக்.
கிழக்குச் சுவர். பலன் எனக்குத் தெரியாது.

சூடு சிமெண்டைக் கடந்து வர அரை மணி நேரமாகும்.
கோப்பி ஓ கலக்கித் தந்தார், உறையோடு கோப்பையைப் பிடித்து.
வியர்வை மூக்கு நுனியில் சொட்ட
ஐஸ் கேட்கத் திறந்த வாயை
மதார் அப்படியே மூடிக்கொண்டான்.
சுடச்சுடக் குடித்தோம்.

பிறகு ஒரு காலுறை.
அதற்குள்ளிருந்த காலுறை.
முதலில் பெருவிரல் மட்டும் போய்த் தொட்டுவிட்டு வந்தது.
"இன்னும் ஒன்று."

முப்பத்தொன்று.

குளியலறை நடுவில்
எதையும் பிடிக்காமல்
இரண்டு பாதமும் பதிய நின்றார்,
வாடிக்கையாளர் வராத மதிய நேரத்தில்
கடைக்குள் நிற்பவர் மாதிரி.
நாங்கள் கருவிகளைத் துடைத்தோம்,
துடைத்தவற்றையே துடைத்தோம்.

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லைப் பார்த்தார்.
"வயர் மீட்டருக்கு நாலு ரிங்கிட்டா? ஜெலுத்தோங்கில் மூணு இருபது."
மூணு இருபது போட்டேன்.
அதற்கும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

லிஃப்டில் ஏர்கோன் கூடுதல்.
பதினேழிலிருந்து தரைத்தளம் வரை மதார் பேசவில்லை.
எஃகுக் கம்பியைப் பிடித்திருந்தவன்
ஏழாவது மாடியில் கையை எடுத்து
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.